கற்றுக்கொண்ட தமிழ்: சுந்தர ராமசாமியும் பசுவய்யாவும்

வெளிமாநிலத் தமிழர்கள் கூடும் இடங்களில் தவறாமல் காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு: "எங்க பையனுக்குத் தமிழ் நல்லாப் பேச வரும், எழுதப் படிக்கத்தான் வராது." சொல்லும்போது சிலர் சிரிப்பார்கள், சிலருக்குக் குரல் இறங்கிவிடும். சிறு வயதில் எழுத்து படியவில்லை என்றால் பிறகு தமிழ் அவ்வளவுதான் என்று நாமே முடிவுகட்டி விடுகிறோம். இந்த முடிவு சரிதானா என்று நான் யோசிக்கும்போதெல்லாம் நினைவுக்கு வருபவர், கதைகளைச் சுந்தர ராமசாமி என்றும் கவிதைகளைப் பசுவய்யா என்றும் வெளியிட்டவர்.

1931இல் நாகர்கோவிலில் பிறந்தவர் அவர். அன்று அந்த ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பிள்ளைப் பருவத்தின் முதல் ஆண்டுகள் கோட்டயத்தில் கழிந்தன. பள்ளியில் படித்தது மலையாளமும் ஆங்கிலமும் சமஸ்கிருதமும். வீட்டில் பேச்சு தமிழ்; ஏட்டில் தமிழ் இல்லை. நம் வீடுகளின் கதைதான்! பள்ளிப் படிப்பும் நோயால் குலைந்தது. பதினெட்டு வயதை ஒட்டித்தான் அவர் தமிழ் எழுதப் படிக்கக் கற்றார். 1951இல் அவர் வெளியிட்ட புதுமைப்பித்தன் நினைவு மலரில் அவருடைய முதல் சிறுகதையான 'முதலும் முடிவும்' வந்துவிட்டது. அப்போது அவருக்கு வயது இருபது.

மலையாளம் அவருக்குத் தடையாக இருக்கவில்லை, பாலமாக இருந்தது. தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'தோட்டியின் மகன்', 'செம்மீன்' ஆகிய இரு நாவல்களையும் அவர் தமிழாக்கினார். பிறமொழிப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளை எண்ணிக் கவலைப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தத் தாமதமான கல்வி அவருடைய படைப்பில் என்ன செய்தது? என் வாசிப்பில் தோன்றுவது இதுதான். தாய்ப்பாலோடு வந்த மொழியை நாம் யோசிக்காமல் செலவழிக்கிறோம். தேடிப் பெற்றவரோ எண்ணிச் செலவழிக்கிறார். சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' இதழில் 1959இல் வெளிவந்த பசுவய்யாவின் முதல் கவிதையான 'உன் கை நகம்' பேசுவது நகம் வெட்டுவதைப் பற்றி. நிலவும் தென்றலும் உலாவிய இடத்தில் நகத்தின் அழுக்கைக் கொண்டுவந்து வைத்தால் வாசகர் முகம் சுளிக்கத்தானே செய்வார்? ஆனால் அலங்காரத்தை முதலில் கழற்றி வைக்க வேண்டும் என்பது அவருடைய தீர்மானம். 1996இல் வெளியான தொகுப்பின் பெயர் '107 கவிதைகள்'. முப்பத்தேழு ஆண்டுகளுக்கு 107 என்றால், ஆண்டுக்கு மூன்று கூட இல்லை. சொற்சிக்கனம் என்பதற்கு இதைவிட வேறு கணக்கு வேண்டாம்.

கதைகளின் முகம் வேறு. அங்கே நாஞ்சில் நாட்டுப் பேச்சும், கடைத்தெருவும், கேலியும் தாராளமாக நடமாடுகின்றன. 'விகாசம்' கதையில் ஜவுளிக் கடையில் மனக்கணக்காகவே பில் கூட்டும் பார்வையற்ற ராவுத்தரை ஒருமுறை படித்தவர் மறக்க மாட்டார். கால்குலேட்டர் கடைக்குள் வந்ததும் அவர் காலம் முடிந்தது என்றுதான் நினைப்போம். அவரோ தம் ஞாபக சக்தியைக் கொண்டு கடைக்குத் தேவையான இன்னொரு மனிதராக மலர்ந்துவிடுகிறார். இயந்திரத்தைத் திட்டி ஒரு பிரசங்கம் செய்வது எளிது. சுந்தர ராமசாமி அதைச் செய்யவில்லை. மனிதனுக்குள் இன்னும் திறக்காத கதவு இருக்கிறது என்று காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

ஆனால் கவிஞர் ஒருவர், கதாசிரியர் வேறொருவர் என்று கோடு கிழித்துவிட முடியாது. 'பல்லக்குத் தூக்கிகள்' கதை என்ற பெயரில் வந்தாலும் அது வேலை செய்வது ஒரு கவிதையைப் போல. ஒரே படிமம்தான், அதைச் சுற்றியே எல்லாம். 'வித்தியாசமான மியாவ்' கவிதையோ, தெரிந்த பூனை ஒன்றின் சாவை ஒரு குட்டிக் கதைபோலச் சொல்கிறது. தாம் இறந்த பிறகு இரங்கல் கூட்டத்துக்கு ஆள்பிடித்து அலைய வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லும் கவிதையிலும் கதாசிரியரின் குறும்பு தெரிகிறது. இப்படி ஒன்றுக்குள் ஒன்று கலந்த இடங்களில்தான் அவர் உச்சத்தில் இருக்கிறார் என்பது என் கருத்து.

குறையும் உண்டு. சில கவிதைகளில் கருத்து முன்னால் போய்விடுகிறது, அனுபவம் பின்னால் மூச்சிரைக்க ஓடிவருகிறது. அவற்றைப் படித்து முடித்ததும் 'சரி, ஒப்புக்கொள்கிறேன்' என்றுதான் சொல்லத் தோன்றுகிறது; மனம் நெகிழ்வதில்லை. எண்ணிச் செலவழிக்கும் கை சில சமயம் இறுகியும் போகும் அல்லவா? சிறுகதைகளில் இந்த இறுக்கம் குறைவு. அங்கே பிற மனிதர்கள் வந்து பேசுவதால் ஆசிரியரின் பிடி தளர்கிறது. அதனால் கவிஞரைவிடக் கதாசிரியரே ஒரு படி மேல் என்று நான் மதிப்பிடுகிறேன். மாறாக நினைக்கும் நண்பர்களும் எனக்குண்டு.

கோட்டயத்து நாட்களை அவர் மறக்கவில்லை. 1998இல் வெளிவந்த 'குழந்தைகள் பெண்கள் ஆண்கள்' நாவலில், வேற்றுமொழி ஊரில் வாழும் தமிழ்க் குடும்பத்தின் 1930களை விரிவாக எழுதினார். 2005 அக்டோபரில் அமெரிக்காவில் அவர் மறைந்தார்.

நம் சங்கத்து நூலகத்தில் அவருடைய சிறுகதைத் தொகுப்பு ஒன்று அவசியம் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு முதலில் 'ஸ்டாம்பு ஆல்பம்' கதையை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். நண்பனின் ஆல்பத்தின்மேல் பொறாமை கொண்டு அதைத் திருடி எரித்துவிட்ட ராஜப்பா, பிறகு தன் ஆல்பத்தையே அவனிடம் கொடுத்துவிடும் இடம் எந்த ஊர்ப் பிள்ளைக்கும் புரியும். கேட்ட பிள்ளை "அடுத்த கதை என்ன?" என்று கேட்டால் புத்தகத்தை அதன் கையில் கொடுத்துவிட்டு, எழுத்துக்கூட்ட உதவுங்கள். பதினைந்து வயது ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். சுந்தர ராமசாமி தொடங்கியது அதற்கும் மூன்று ஆண்டு கழித்துத்தான்.