ஜேஎஸ்பி பக்கத்துக்கு ஒரு கணக்குப் புத்தகம்: ‘லாக்’ டேக் லைப்ரரி

கியா பார்ம் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்தை நிறுத்ததும் எடையைக் குறித்துவைப்பார்கள். சம்பளத்தில் தகராறு வந்தால் அந்தப் புத்தகம்தான் பேசும். நிரலுக்கு ‘லாக்’ அப்படி.

நம் மாணவர்களோ ஜேஎஸ்பி பக்கத்துக்குள்ளேயே ‘சிஸ்டம் டாட் அவுட்’ போட்டுத் தள்ளுகிறார்கள். அதற்கு மாற்றாக அப்பாச்சியின் ஜகார்த்தா டேக்லிப்ஸ் திட்டத்தில் வந்தது ‘லாக்’ லைப்ரரி. உள்ளே வேலை செய்வது லாக்4ஜே. டிபக், இன்ஃபோ, வார்ன், எரர், ஃபேட்டல் என நிலைக்கொரு டேக். ஜாவா தெரியாதவரும் எழுதலாம். நல்ல வசதிதான்.

கூடவே ‘டம்ப்’ என்றொரு டேக் இருக்கிறதே, அதுதான் எனக்கு உறுத்தல். சொன்ன ஸ்கோப்பில் உள்ள மாறிகளையெல்லாம் பதிவுக்கோப்பில் அல்ல, பக்கத்திலேயே கொட்டும். சோதிக்கும்போது அருமை. எடுக்க மறந்து சர்வரில் ஏற்றிவிட்டால்? அப்ளிகேஷன் ஸ்கோப்பில் வைத்த டேட்டாபேஸ் கடவுச்சொல் கண்டவர் கண்ணிலெல்லாம் படும். பதிவு செய்வதும் காட்டுவதும் வேறு வேறு வேலை. ஒரே பையில் போட்டது பிழை.

தேர்வு எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கணும். செய்தியை அட்ரிபியூட்டில் எக்ஸ்பிரஷனாகக் கொடுத்தால், டிபக் அணைந்திருந்தாலும் அது முதலில் கணக்கிடப்படும். டூ-ஸ்டார்ட்-டேக் ஓடுவதே அதற்குப் பிறகுதான். செய்தி பாடியில் இருந்தால், டூ-ஸ்டார்ட்-டேக்கில் நிலையைச் சோதித்து ‘ஸ்கிப் பாடி’ திருப்பி அனுப்பலாம். சொந்தமாக டேக் எழுதும்போது இதை விடாதீர்கள். கேள்வியில் ‘திறன்’ என்று வந்தால் இங்கேதான் மதிப்பெண்.

பின்னால் வந்த லாக்4ஜே 2-இன் டேக் லைப்ரரியில் ‘இஃப் எனேபிள்ட்’ சேர்த்து இந்தக் குறைக்கு வழி செய்துவிட்டார்கள். ‘டம்ப்’பை மட்டும் ஏனோ அப்படியே வைத்திருக்கிறார்கள்.