பேரேட்டின் இரு பக்கங்கள்

இரட்டைப் பதிவு முறையின் விதி ஒன்றே ஒன்றுதான். எந்த நடவடிக்கையையும் இரண்டு இடத்தில் எழுத வேண்டும்: ஒரு கணக்கில் பற்று, இன்னொரு கணக்கில் அதே தொகைக்கு வரவு. 10,000 ரூபாய்க்குக் கடனாகச் சரக்கு எடுத்தால் கொள்முதல் கணக்கில் பற்று, சரக்குக் கொடுத்தவர் பெயரில் வரவு. பிறகு பணம் கொடுக்கும்போது அவர் பெயரில் பற்று, ரொக்கக் கணக்கில் வரவு. ஒவ்வொரு பதிவும் சமமாகவே ஏட்டுக்குள் வருவதால், எத்தனை ஆயிரம் பதிவுகள் சேர்ந்தாலும் இரு பக்கக் கூட்டலும் ஒன்றாகவே நிற்கும். அந்தச் சமத்தை எப்படிக் காப்பது, அது எதற்குச் சாட்சி என்பதில்தான் மரபுகள் கிளை பிரிந்தன.

இம்முறையில் எழுதப்பட்டுக் கைக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய ஏடுகள் இத்தாலியருடையவை. ஃபுளோரன்ஸ் நகர வணிகரான ஃபரோல்ஃபி நிறுவனத்தின் இன்றைய பிரான்சில் இருந்த கிளை 1299, 1300 ஆண்டுகளில் எழுதிய பேரேடு பகுதியளவில் மிஞ்சியிருக்கிறது. அதில் பற்று மேலே, வரவு அதற்குக் கீழே. ஜெனோவா நகர ஆட்சியின் 1340ஆம் ஆண்டுப் பேரேட்டில் இரண்டும் ஒரே பக்கத்தில் இடமும் வலமுமாக வந்துவிட்டன. அந்த ஏட்டின் மிளகுக் கணக்கைப் பார்த்தாலே முறை முழுவதும் விளங்கிவிடும். இடப்பக்கம் 80 பொதி மிளகு வாங்கிய செலவு. வலப்பக்கம் விற்று வந்த தொகை. ஒவ்வொரு வரியிலும் எதிர்ப்பதிவு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற குறிப்பு உண்டு. விற்பனை நட்டத்தில் முடிந்திருக்கிறது. எழுத்தர் அதை மறைக்கவில்லை; குறைந்த தொகையை நட்டக் கணக்குக்கு மாற்றி, மிளகுக் கணக்கைச் சமமாக முடித்திருக்கிறார். அந்நாளில் ஐரோப்பாவுக்குப் போன மிளகில் பெரும்பகுதி மலபார்க் கரையில் விளைந்தது என்பதை நினைக்கும்போது, நம் கடற்கரைச் சரக்கு அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

வெனிஸ் பாணிதான் உலகம் சுற்றியது. அதை அச்சில் ஏற்றியவர் லூக்கா பச்சோலி என்ற பிரான்சிஸ்கன் துறவி, ஆண்டு 1494. தாம் கண்டுபிடித்ததாக அவர் சொல்லவில்லை, வெனிஸ் வணிகர் வழக்கத்தைத்தான் விளக்கினார். முதலில் நாள் நடப்பைக் குறிக்கும் ஏடு, அதிலிருந்து குறிப்பேடு, அதிலிருந்து பேரேடு என்று மூன்று. ஆண்டு முடிவில் ஏட்டைச் சரிபார்க்கும் விதத்தை அவர் சொல்லும் இடம் எனக்குப் பிடித்தது. உதவியாளர் கையில் குறிப்பேடு, முதலாளி கையில் பேரேடு. ஒருவர் படிக்க, மற்றவர் தேடிப் புள்ளி வைத்துக்கொண்டே போக வேண்டும். புள்ளியில்லாமல் நிற்கும் பதிவு பிழை. அதன் பிறகுதான் பற்றையும் வரவையும் கூட்டிப் பார்ப்பது. பதிவு பதிவாகச் சரிபார்த்தபின்தான் கூட்டல் என்ற இந்த வரிசையைத்தான் நான் இம்மரபின் உயர்ந்த தரம் என்பேன்.

இரட்டைப் பதிவு முறை இந்தியாவிலிருந்துதான் போனது என்று 1986இல் கணக்கியல் ஆய்வாளர் லால் நிகம் எழுதினார். மறு ஆண்டே இன்னோர் ஆய்வாளரான கிறிஸ்டோபர் நோப்ஸ் மறுத்தார். அவ்வளவு பழைய இந்தியப் பேரேடு ஏதும் சான்றாகக் காட்டப்படாதவரை அந்தப் பெருமையை நாம் கோருவது முறையாகாது. நம்மிடம் இருப்பதே போதிய பெருமை தருவது. பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார், குறிப்பும் பேரேடும் எழுதி ஐந்தொகை எடுத்தார்கள். கடல் கடந்த கடையை மேலாள் நடத்த, முதலாளி செட்டிநாட்டில் இருந்தபடியே நிலவரம் அறிந்தது அந்தக் கணக்கைக் கொண்டுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இத்தாலியில் கணக்கு என்பது என்ன என்றே விவாதம் எழுந்தது. ஒவ்வொரு கணக்குக்கும் பின்னால் உரிமையும் கடமையும் உள்ள ஓர் ஆள் இருக்கிறார் என்றார் செர்போனி. ஆள் இல்லை, மதிப்புதான் இருக்கிறது என்றார் வெனிஸில் கற்பித்த ஃபாபியோ பெஸ்டா. அமெரிக்காவில் சார்லஸ் ஸ்ப்ரேக் 1880இல் முழுவதையும் ஒரு சமன்பாடாகவே எழுதினார்: சொத்து எவ்வளவோ, பொறுப்பும் முதலும் சேர்ந்து அவ்வளவு. நாம் மேனிலைப் பள்ளிகளில் படித்த ஆள்சார் கணக்கு, சொத்துக் கணக்கு, பெயரளவுக் கணக்கு என்ற மூன்று விதிகள் ஆங்கிலேயர் வழி வந்தவை. தொடங்குபவர்க்கு அவை எளிது. ஆனால் காரணம் புரிய ஸ்ப்ரேக்கின் சமன்பாடுதான் உதவும்.

எல்லாக் கணக்குகளின் பற்றையும் வரவையும் கூட்டி ஒப்பிடும் இருப்பாய்வு ஒட்டாதபோது பழைய கணக்கர்கள் செய்வதைப் பார்க்க வேண்டும். முதலில் வித்தியாசத்தை 9ஆல் வகுப்பார்கள். மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம்: 5,640 என்பதை 5,460 என்று எழுதினால் வித்தியாசம் 180. இல்லையென்றால் வித்தியாசத்தில் பாதியைத் தேடுவார்கள். பற்றில் போக வேண்டியது வரவில் ஏறினால் வித்தியாசம் இரட்டிப்பாகும். அதற்கும் பிடிபடாவிட்டால், வித்தியாசத்தைத் தற்காலிகமாக அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டுத் தேடலைத் தொடர்வார்கள். அனாமத்தை அப்படியே விட்டுவைத்து ஆண்டை முடிப்பது அந்தத் தலைமுறையில் கௌரவக் குறைவு.

இந்தத் தேடலை இன்று கணிப்பொறி தேவையற்றதாக்கிவிட்டது. பற்றும் வரவும் ஒட்டாத பதிவை மென்பொருள் ஏற்பதே இல்லை. நிறுவனங்கள் இரட்டைப் பதிவு முறையில்தான் கணக்கு வைக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 128ஆம் பிரிவும் சொல்லிவிட்டது. ஆனால் சமம் காட்டிக்கொடுக்காத பிழைகள் அப்படியேதான் இருக்கின்றன. ஒரு விலைப்பட்டியலை ஏட்டில் எழுதாமலே விட்டது விடுபிழை. இரு பக்கமும் இல்லாததால் கூட்டல் கெடாது. இரண்டு தவறுகள் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்வது ஈடுசெய் பிழை. இவற்றிலும் கொடியது விதிப்பிழை. இயந்திரத்தைப் பழுது பார்த்த 12,000 ரூபாயை இயந்திரக் கணக்கில் ஏற்றிவிட்டால், செலவு குறைந்து லாபம் கூடித் தெரியும். சொத்தும் அதே அளவு பெருகித் தெரியும். இருப்பாய்வு மட்டும் காசு பிசகாமல் ஒட்டும். அதைப் பிடிக்க ரசீதைக் கையில் எடுத்து, பதிவின் கீழே எழுதிய விளக்கக் குறிப்போடு வைத்துப் படித்தாக வேண்டும்.