பீட்டில் இன்ஜினுக்கு எத்தனை சி.சி. போதும்?

வோக்ஸ்வேகன் பீட்டிலின் 1600 இன்ஜினில் போர் 85.5 மி.மீ., ஸ்ட்ரோக் 69 மி.மீ. கணக்குப் போட்டால் 1584 சி.சி. நான்கு சிலிண்டர்களும் தனித்தனியே கழன்று வருவதால், 90.5 மி.மீ. பிஸ்டன்-சிலிண்டர் செட் வாங்கி மாட்டினால் பழைய கிராங்க் ஷாஃப்டை வைத்தே 1776 சி.சி. ஆக்கிவிடலாம். பழைய பீட்டிலைத் தினமும் ஓட்டுகிறவர்கள், ‘எப்படியும் இன்ஜினைப் பிரித்தாயிற்று’ என்று இதில் இறங்குகிறார்கள்.

ஆசையில் நியாயம் இருக்கிறது. 1600 இன்ஜினின் சக்தி 50 குதிரைத்திறன்தான். இன்றைய நெடுஞ்சாலையில் மேடு வந்தால் லாரிகளுக்குப் பின்னால் மூன்றாவது கியரில் முனக வேண்டியிருக்கிறது. கூடுதலாகக் கிடைக்கும் 190 சி.சி., குறைந்த சுற்றிலேயே நல்ல புல்லிங் தருகிறது. தினசரி ஓட்டத்துக்கு வேண்டியது அதுதான். உச்ச வேகம் அல்ல.

சிக்கல் வெப்பத்தில் இருக்கிறது. எரிபொருள் அதிகம் எரிந்தால் சூடும் ஏறும். ஆனால் காற்றை அனுப்பும் விசிறி அதே விசிறி, ஆயிலும் அதே இரண்டரை லிட்டர். அந்த ஆயிலுக்கும் பழைய மாடல்களில் ஒரு கம்பி வலைதான் வடிகட்டி. பழைய விசிறிக் கூட்டில் ஆயில் கூலர் மூன்றாவது சிலிண்டருக்குப் போகும் காற்றை மறித்து நின்றது. தொழிற்சாலையே 1971 மாடலில் கூலரை வெளியே தள்ளித் தனிக் காற்றுவழி கொடுத்தது. தன் சொந்த 1600 இன்ஜினுக்கே அந்தத் திருத்தம் தேவைப்பட்டதென்றால், 1776-ஐக் கட்டிவிட்டுப் பழைய கூட்டையே மேலே மாட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இன்ஜினைச் சுற்றியுள்ள தகடுகளையும் ஓர ரப்பர்களையும் ‘அழகுக்கு’ என்று கழற்றி வைப்பது அதைவிடக் கேடு. வெளியேறிய சூடான காற்றையே விசிறி மறுபடி உறிஞ்சும்.

பலர் கவனிக்காமல் விடுவது கம்ப்ரஷன். ஹெட்டைத் தொடாமல் போரை மட்டும் பெரிதாக்கினால், 7.5 ஆக இருந்த விகிதம் எட்டைத் தாண்டிவிடும். சூடான இன்ஜினில் அது நாக்கிங்கில் கொண்டுபோய் விடும். அதைத் தவிர்க்க ஹெட்டிலுள்ள எரி அறையின் கொள்ளளவை அளக்க வேண்டும். தலைகீழாக வைத்த ஹெட்டின் மேல் துளையிட்ட பிளாஸ்டிக் தகட்டைக் கிரீஸ் தடவி ஒட்டி, பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாகத் திரவம் நிரப்பி, குமிழி போனபின் அளவைக் குறிக்க வேண்டும். நான்கு அறைக்கும் இதைச் செய்து, கூடினதைக் குறைக்க சிலிண்டருக்கு அடியில் ஷிம் வைக்க வேண்டும். அரை நாள் வேலை. இன்ஜினின் ஆயுள் சி.சி.யைவிட இந்த அரை நாளைத்தான் அதிகம் நம்பியிருக்கிறது.

கிராங்க் கேஸை வெட்டாமலே மாட்டலாம் என்று விற்கப்படும் 88 மி.மீ. செட் மலிவானது. ஆனால் சுவர் மெல்லியது. சூட்டில் வட்டம் கெட்டு ஆயில் குடிக்கும். தினசரி வண்டிக்கு அது வேண்டாம். 90.5-க்குச் சுவர் தடிமன் போதும். அதற்குக் கேஸையும் ஹெட்டையும் லேத்தில் கொடுத்துத் துளையை அகலப்படுத்த வேண்டும். மெக்னீசியக் கலவைக் கேஸில் வெட்டியது வெட்டியதுதான். வண்டியோடு பிறந்த எண் கேஸில் இருந்தால் அதை எடுத்து வைத்துவிட்டு, வேறொரு கேஸில் கட்டுவதே முறை.

நகர நெரிசலுக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு நான் 1776-ஐப் பரிந்துரைக்க மாட்டேன்; ஒழுங்காக அளந்து கட்டிய 1584 போதும். மலைப்பாதையும் நெடுஞ்சாலையும் அன்றாடம் என்றால் 1776 தகும். அதற்கும் மென்மையான கேம், 1971-க்குப் பிந்தைய கூலர் அமைப்பு, வெளியில் மாட்டும் ஆயில் ஃபில்டர் மூன்றும் வேண்டும். பணம் போதவில்லையென்றால் முதலில் வாங்க வேண்டியவை கூலரும் ஃபில்டரும்தான்; பெரிய பிஸ்டன் காத்திருக்கலாம்.