தத்தையின் யாழ்

சிலப்பதிகாரத்து மாதவி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழன் முன் அரங்கேறினாள். ஆடலாசான் முதல் யாழாசிரியன் வரை ஒவ்வொருவருக்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் விரித்துரைக்கிறார். அதனால் தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சுப் பொன்னும் அவளுக்குச் சும்மா வரவில்லை என்பது நமக்குத் தெரிகிறது. பின்னர் கானல்வரியில், பண்ணல், பரிவட்டணை, ஆராய்தல் என எட்டு வகையாலும் யாழைப் பதம் பார்த்த பிறகே அதைக் கோவலனிடம் நீட்டுகிறாள். கற்றவள் கை அது.

சீவகசிந்தாமணியின் காந்தருவதத்தைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வித்தியாதர மன்னன் கலுழவேகனின் மகள் இவள். சீதத்தன் என்னும் வணிகன் பொறுப்பில் இராசமாபுரம் வருகிறாள். யாழில் தன்னை வெல்பவனுக்கே மாலை என்கிறாள். அவள் கற்ற கதையைத் திருத்தக்கதேவர் இளங்கோவைப் போல விரித்துச் சொல்லவில்லை. நூலுக்கு மணநூல் என்றும் பெயர் இருப்பதால், நம் சொற்பொழிவாளர்களும் இந்த இலம்பகத்தைச் சீவகனின் இன்னொரு கல்யாணமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். இது சரியில்லை என்பேன்.

போட்டிக்கு முன் தத்தையின் பக்கத்திலிருந்து சீவகனுக்கு யாழ்கள் வருகின்றன. இது நீரில் நின்று கெட்ட மரம், இது இடி விழுந்த மரம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளுகிறான். கடைசியில் தம்பி தந்த யாழைத்தான் வாசிக்கிறான். இத்தனை தேர்ந்த பெண்ணிடம் பழுதான யாழ்கள் ஏன் இருந்தன? தெரியாமல் வந்தவை அல்ல. அவையே முதல் கேள்வித்தாள் என்பது என் துணிபு. பழுதைக் கேட்டறியாத காது பண்ணையும் அறியாது என்று அவளுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தேவர் சொல்லாமல் விட்ட பயிற்சி இங்கேதான் ஒளிந்திருக்கிறது. அவள் தோற்றாலும் அவள் வித்தை தோற்கவில்லை.

பாத்திரக் கடையில் நாற்பது வருஷம் உட்கார்ந்தவன் நான். பித்தளைக் குடத்தை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினால் கீறல் இருப்பது தெரிந்துவிடும். அந்தக் காது வர எனக்கு மூணு வருஷம் ஆச்சு; அப்பாவிடம் வாங்கிய திட்டு தனிக் கணக்கு.

போன மாதம் பேத்திக்கு வீணை அரங்கேற்றம். கற்கத் தொடங்கி ஒன்றரை வருஷம்தான். மேடையில் ஒரு தந்தி இறங்கிவிட்டது. குழந்தை வாசிப்பை நிறுத்தவில்லை, சபையும் கைதட்டியது. வீட்டுக்கு வந்ததும், "தந்தி இறங்கினது தெரிஞ்சுதாம்மா?" என்று கேட்டேன்.

"எந்தத் தந்தி தாத்தா?" என்றாள்.