நகடாயின் குரலும் நடையும்

ஜப்பானியத் திரைநடிப்பின் பள்ளிகளைப் பற்றிப் பொதுவாக ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். நான் எங்கே தொடங்கினாலும் தட்சுயா நகடாயிடம்தான் போய் நிற்பேன் என்பது கேட்டவர்களுக்குத் தெரியும். தெரிந்தே கேட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். 2025 நவம்பரில் அவர் தமது 92ஆம் வயதில் மறைந்த செய்தி வந்த அன்று, சங்கத்தின் பழைய உறுப்பினர் நால்வர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்கள். வீட்டில் ஒரு மூத்தவர் போய்விட்டதைப் போலத்தான் பேசிக்கொண்டோம்.

நம் சங்கத்தில் கட்சிகள் உண்டு. உறுப்பினர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மிஃபுனே கட்சிதான் எண்ணிக்கையில் பெரியது. 1946இல் டோஹோ நடத்திய புதுமுகத் தேர்வில் வந்து நின்ற ஒரு கோபக்காரர், எந்தப் பள்ளியிலும் பயிலாமல் தாமே ஒரு பள்ளியானார் என்பது அவர்கள் வாதம். சிஷூ ரியூ கட்சியினர் அமைதியானவர்கள். ஷோசிகு ஸ்டுடியோவில் ஆண்டுக்கணக்கில் துண்டு வேடங்களில் நின்று, குமமோட்டோ வட்டாரப் பேச்சு வாடையைக் கடைசிவரை விடாமலே இயக்குநர் ஓசுவின் முகமாக ஆனவரை அவர்கள் கொண்டாடுவார்கள். கபுகி வழி வந்தவர்களுக்கும் நம்மிடையே ஆள் உண்டு. 'ஃப்ளோட்டிங் வீட்ஸ்' படத்தில் கன்ஜிரோ மழைக்கு இப்பால் நின்று திட்டும் காட்சி ஒன்றே போதும் என்பார் நம் முன்னாள் பொருளாளர். இந்தப் பெரியவர்கள் யாருடைய தரப்பையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவர்கள் காட்டித்தான் நான் இந்தப் படங்களையே பார்த்தேன். ஆனால் எனக்கு வாய்த்த ஆசான் ஷிங்கெகி கட்சி, அதாவது ஜப்பானின் நவீன மேடைநாடகக் கட்சி. ஆகவே நானும் ஷிங்கெகி கட்சி.

ஆசான் என்று நான் சொல்வது, நாமெல்லாம் 'ஐயா' என்று மட்டுமே அழைத்த நம் மூத்த உறுப்பினரை. தம் பெயர் எந்த மலரிலும் வரக்கூடாது என்பது அவர் விதி. இந்த மலரிலும் அதைக் காக்கிறேன். ஐயா ஜப்பானிய மொழி அறிந்தவர் அல்லர். ஆனாலும் ஒரு நடிகர் வாயைத் திறந்ததும் அவர் கபுகியா, ஸ்டுடியோவா, ஷிங்கெகியா என்று சொல்லிவிடுவார். "முகத்தை அப்புறம் பார்க்கலாம்ப்பா, மூச்சு எங்கேயிருந்து வருதுன்னு முதல்ல கேளு" என்பார். முதலில் குரல், பிறகு நடை, முகம் கடைசியில். இந்த வரிசையை அவரிடமிருந்துதான் கற்றேன்.

ஷிங்கெகியின் தொட்டிலான, 1924இல் தொடங்கிய சுகிஜி சிற்றரங்கைப் பற்றி இந்த மலரின் பழைய இதழ்களில் போதுமான அளவு எழுதியாகிவிட்டது. அங்கே மாணவராக இருந்த கொரேயா செண்டாவைப் பற்றி மட்டும் ஒரு சொல். 1923ஆம் ஆண்டுப் பெருநிலநடுக்கத்துக்குப் பின், கொரியர்களைத் தேடிக் கொன்ற கும்பல் ஒன்று டோக்கியோவின் செண்டகயா பகுதியில் இவரையும் கொரியர் என்று எண்ணிப் பிடித்தது. தப்பிப் பிழைத்தவர், அந்த இடத்தின் பெயரையும் தம்மை எதுவென்று எண்ணினார்களோ அந்தப் பெயரையும் சேர்த்துத் தம் மேடைப்பெயராக வைத்துக்கொண்டார். பெர்லினுக்குப் போய்ப் பயின்று வந்தார். 1944இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, தோழர்களோடு ஹையூசா குழுவைத் தொடங்கினார். 'டோக்கியோ ஸ்டோரி'யின் தாய் சியெகோ ஹிகாஷியாமாவும், அதே படத்தில் குடித்துவிட்டுப் பிள்ளையைப் பற்றிப் புலம்பும் பழைய நண்பர் எய்ஜிரோ டோனோவும் ஹையூசாவை நிறுவியவர்களே. ரியூ கட்சி நண்பர்கள் இதை எப்போதும் மறந்துபோகிறார்கள்.

அந்த ஹையூசாவின் பயிற்சிப் பள்ளியில் 1952இல் நகடாய் சேர்ந்தார். அங்கே இப்சனும் ஷேக்ஸ்பியரும் உண்டு. சாமுராய் உடையில் நடக்கும் பாடம் இல்லை. அந்தக் குறை 'செவன் சாமுராய்' படப்பிடிப்பில் தெரிந்துவிட்டது. தெருவில் கடந்துபோகும் பெயரில்லாத ஒரு ரோனின், தலைவனற்ற சாமுராய், அவர் வேடம். திரையில் சில விநாடி. நடை சரியில்லை என்று இயக்குநர் குரோசவா காலையிலிருந்து பிற்பகல்வரை திரும்பத் திரும்ப நடக்கவிட்டார். மொத்தக் குழுவும் காத்திருந்தது. இனி இவர் படத்தில் நடிப்பதில்லை என்று அந்த இளைஞர் மனத்துக்குள் முடிவு செய்துகொண்டார். பிற்பாடு 'யோஜிம்போ'வுக்கு அழைப்பு வந்தபோது முதலில் மறுத்தார். அந்த நாளை மறக்காததால்தான் உன்னை அழைக்கிறேன் என்று குரோசவா சொன்ன பிறகே ஒப்புக்கொண்டார். கழுத்தில் துண்டும் கையில் கைத்துப்பாக்கியுமாக அவரது உனோசுகே ஊருக்குள் நுழையும் நடையைப் பாருங்கள். அந்த ஒரு நாள் நடந்த நடை வீண்போகவில்லை.

ஸ்டுடியோக்கள் ஒன்றுகூடி நடிகர்களைக் கட்டிப்போட்டிருந்த காலம் அது. நகடாய் யாருடனும் தனி ஒப்பந்தம் செய்யவில்லை. ஆண்டில் பாதி மேடைக்கு, பாதி திரைக்கு என்று பிரித்துக்கொண்டார். அதனால்தான் குரோசவா, கோபயாஷி, நருசே, இச்சிகாவா என்று எல்லார் வீட்டு வாசலிலும் அவரால் நுழைய முடிந்தது. கோபயாஷியின் 'தி ஹியூமன் கண்டிஷன்' 1959 முதல் 1961 வரை வெளிவந்த ஒன்பதரை மணி நேரப் படம். அதன் கடைசியில் நகடாய் ஏற்ற காஜி பனியில் விழுகிறான். ஹொக்கைடோவில் உண்மையான பனிப்பொழிவில், தம் உடல் மூடும்வரை அசையாமல் கிடந்ததாக நகடாய் சொல்லியிருக்கிறார். நாம் அதை ஒரே இரவில் திரையிட்ட ஆண்டில், விடியற்காலையில் தேநீர் கொடுக்க வந்தவரும் கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டு நின்று பார்த்தார்.

ஆனால் நம் பள்ளியின் பாடநூல் கோபயாஷியின் 'ஹராகிரி'தான். 1962. நகடாய்க்கு அப்போது 29 வயது. ஏற்ற வேடமோ பேரனைப் பறிகொடுத்த தாத்தா சுகுமோ ஹன்ஷிரோ. எதிரே தாழ்வாரத்தில் காரியக்காரராக ரெண்டாரோ மிகுனி. அவர் எந்தப் பள்ளியும் அறியாமல் தெருவிலிருந்து ஸ்டுடியோவுக்கு அழைத்துவரப்பட்டவர். படப்பிடிப்பில் இருவருக்கும் தர்க்கம் வந்தது. உன் குரல் பெரிதாக இருக்கிறது, இது மேடையல்ல, மைக் பக்கத்திலேயே இருக்கிறது என்றார் மிகுனி. நான் மைக்கிடம் பேசவில்லை, முற்றத்துக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் உங்களிடம் பேசுகிறேன், அந்தத் தொலைவுக்கு இந்தக் குரல் வேண்டும் என்றார் நகடாய். கோபயாஷி யார் பக்கமும் தீர்ப்புச் சொல்லவில்லை. நீங்களே பேசி முடியுங்கள் என்று படப்பிடிப்பையே சில நாள் நிறுத்திவிட்டார். நகடாய் பிற்காலத்தில் சொன்ன நிகழ்ச்சி இது. ஜப்பானிய நடிப்பின் இரு பள்ளிகள் இவ்வளவு நேராக முட்டிக்கொண்ட இடம் வேறு எனக்குத் தெரியாது. படத்தில் இருவருமே விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். இருவருமே தம் வழியை விடவும் இல்லை. மிகுனியின் குரல் உதட்டுக்குள் இருக்கிறது. நகடாயின் குரல் வயிற்றிலிருந்து எழுந்து, கூழாங்கல் முற்றத்தைக் கடந்து போய்ச் சேர்கிறது.

இரண்டாம் முறை திரையிட்டபோது, அந்த முற்றத்துக் காட்சி தொடங்கியதும் ஐயா எங்களைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. படம் பார்க்க வந்தவனைக் கண்ணை மூடச் சொல்கிறாரே என்று மனம் சுளித்தது. மூடிக் கேட்டேன். மருமகனுக்கு நேர்ந்ததை ஹன்ஷிரோ சொல்லத் தொடங்கும்போது ஒரு தொனி. அந்த மருமகன் யாரென்று எதிரே இருப்பவர்களுக்குப் புரியவரும்போது அதே குரல் ஒரு படி கீழே இறங்குகிறது. கோபம் ஏற ஏறக் குரல் தாழ்ந்துகொண்டே போகிறது. மொழி புரியாத எனக்கு அது புரிந்தது. டெட்சுரோ தம்பாவுடனான வாள் சண்டையில் உண்மையான வாள்களையே வீசினார்கள் என்பதை எல்லாரும் வியந்து சொல்வார்கள். எனக்கு அந்தக் குரல்தான் பெரிய வாள்.

குரோசவாவுடனான பிற்காலப் படங்களை விரைவாகவே கடக்கிறேன். அவை பற்றி இந்த மலரில் வேறொருவர் எழுதுகிறார். 'ககெமுஷா'வில் ஷிந்தாரோ கட்சு விலகிய இடத்துக்கு வந்து இரட்டை வேடம் ஏற்றார். 1985இல் 'ரான்'. தினமும் நான்கு மணி நேர ஒப்பனை. ஃபூஜி மலைச் சரிவில் கட்டிய கோட்டை எரிகிறது, அவர் ஏற்ற ஹிடெடோரா படியிறங்கி வருகிறான். செட் ஒன்றுதான், ஆகவே டேக்கும் ஒன்றுதான். காலடியைப் பார்க்காமல் இறங்குகிறார். ஒரு நாள் முழுக்க நடக்கவிட்டு வாட்டிய இயக்குநர், முப்பது ஆண்டு கழித்து ஒரே ஒரு நடையை நம்பி ஒரு கோட்டைக்கே தீ வைத்தார்.

செண்டாவிடம் பெற்றதை நகடாய் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. 1975இல் மனைவி யசுகோ மியாசாகியோடு சேர்ந்து முமெய்ஜுகுவைத் தொடங்கினார். பெயரின் பொருள், பெயரற்றோர் பள்ளி. கட்டணம் கிடையாது, மூன்றாண்டுப் பயிற்சி, பல நூறு பேர் வந்தால் விரல்விட்டு எண்ணும் அளவே சேர்ப்பார்கள். டோக்கியோவில் ஒரு வார்டு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் நகடாய் நடித்த கோர்க்கி நாடகத்தைப் பார்த்து மனம் மாறி வந்து சேர்ந்தார். அலுவலகத்தைக் குறிக்கும் யாகுஷோ என்ற சொல்லையே ஆசான் அவருக்கு மேடைப்பெயராக வைத்தார். கோஜி யாகுஷோ 2023இல் கான் விழாவில் சிறந்த நடிகரானபோது, 'பெர்ஃபெக்ட் டேய்ஸ்' படத்தில் அவர் பேசுவதே இல்லையே, இதில் ஷிங்கெகி எங்கே வந்தது என்று மிஃபுனே கட்சி நண்பர் கேட்டார். பேசத் தெரிந்தவரின் மௌனம் அது என்றேன். இப்போதும் அதையே சொல்கிறேன். நோட்டோ தீபகற்பத்தில் முமெய்ஜுகுவுக்காக 1995இல் எழுந்த அரங்கில் மேடையின் பின்சுவர் திறந்தால் வெளியே திறந்தவெளி தெரியும். 'மெக்பெத்'தில் அதன் வழியே உண்மைக் குதிரைகள் வந்தன. அந்தத் தொலைவிலிருந்து பேசினாலும் கேட்கவேண்டும் என்பதுதான் அங்கே பாடம்.

இனி எழுதப்போவது சிலருக்குக் கசக்கலாம். யாரையும் சுட்டி எழுதவில்லை. இன்றைய ஜப்பானிய நடிகர்களில் நல்லவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நானும் பார்க்கிறேன். ஆனாலும் அண்மையில் பார்த்த சில வரலாற்றுப் படங்களில் கேட்டதை என்னால் மறைக்க முடியவில்லை. சட்டைக் காலருக்குள் மைக்கை ஒளித்துவைத்துவிட்டு எல்லாரும் முணுமுணுக்கிறார்கள். அரண்மனையில் நூறு பேருக்கு ஆணையிடும் பிரபு, காதோடு ரகசியம் பேசுவதுபோல் பேசுகிறார். முற்றத்தின் தொலைவு யாருக்கும் நினைவில் இல்லை. கிமோனோ கட்டிக்கொண்டு ஷூ போட்ட நடை நடக்கிறார்கள். வாள் காற்றைவிட லேசாக இருக்கிறது. அதன் எடை தோளில் தெரிவதில்லை. மண்டியிட்டு உட்கார்ந்தவர் எழும்போது கால் தடுமாறுகிறது, அதை வெட்டிவிட்டு அடுத்த ஷாட்டுக்குப் போய்விடுகிறார்கள். 'சஞ்சூரோ' முடிவில் பீறிட்ட ரத்தம் பம்பிலிருந்து வந்தது, எண்ணியதைவிட வேகமாக வந்தது, முதல் டேக்கையே வைத்துக்கொண்டார்கள்; நகடாய் அதைத் தாங்கி நின்றார். இன்று ரத்தம் கணினியில் பிறகு சேர்கிறது, நடிகர் உடம்பு அதை அறிவதே இல்லை. ஹையூசா பயிற்சிப் பள்ளி 1967லேயே மூடப்பட்டது. ரொப்போங்கியில் 1954இல் திறந்த அவர்களுடைய அரங்கையும் 2025 ஏப்ரலில் மூடிவிட்டார்கள். பள்ளியும் இல்லை, அரங்கும் இல்லை, பிறகு குரல் எங்கிருந்து வரும்?

பார்ப்பவர்களும் மாறிவிட்டார்கள். சென்ற ஆண்டுத் திரையிடல் ஒன்றில் இளைய நண்பர் ஒருவர், ஹன்ஷிரோ ஏன் இவ்வளவு சத்தமாகப் பேசுகிறார், ஒலியைக் குறைக்கச் சொல்லலாமா என்று என்னிடம் கேட்டார். நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் கேட்டார். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓசுவைப் பார்த்ததாக இன்னொருவர் சொன்னார். கைபேசியில் 'ரான்' பார்த்தவரையும் கண்டேன். சப்டைட்டிலைப் படிப்பதே படம் பார்ப்பது என்றாகிவிட்டது. எழுத்து வருவதற்கு முன்னால் மூச்சு வருகிறதே, அதை யார் கேட்கிறார்கள்? இந்தப் போக்கு இன்னும் பத்தாண்டு நீடித்தால் ஷிங்கெகிக்கும் தொலைக்காட்சித் தொடருக்கும் வேறுபாடு சொல்ல நம் சங்கத்திலேயே ஆள் இருக்காது. நிர்வாகக் குழு இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

முதுமையில் வசனம் நினைவில் நிற்காமல் போனபோது, நகடாய் அவற்றைத் தூரிகையால் பெரிய தாள்களில் எழுதி வீட்டுச் சுவர்களில் ஒட்டி, நடந்தபடியே உரக்கப் படித்துப் பழகினார். தொண்ணூறு வயதிலும் அப்படிப் பழகித்தான் மேடை ஏறினார்.

மலர் வெளியீட்டு நாளில் 'ஹராகிரி' திரையிடப்படுகிறது. முற்றத்துக் காட்சி வரும்போது ஒலியைக் குறைக்க வேண்டாம் என்று ஆபரேட்டரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.