பெஞ்சில் வளருமா சந்தனம்?

2025 நவம்பர் 15. ரவீந்திர ஜடேஜாவை ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்துவிட்டு, சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டது சென்னை சூப்பர் கிங்ஸ். கொசுறாக சாம் கரனையும் தூக்கிக் கொடுத்தார்கள். அன்றைக்கு உங்கள் வீட்டில் என்ன விவாதம் நடந்ததோ, எங்கள் திருப்பத்தூர் டீக்கடைகளில் உடனே இரண்டு கட்சி உருவாகிவிட்டது. ‘பன்னெண்டு சீஸன் உழைச்ச மனுஷனை இப்படியா அனுப்புவாங்க?’ என்று ஒரு கட்சி. ‘முப்பத்தேழு ஆகப்போகுது, இன்னும் எத்தனை நாள் வெச்சுக்கிட்டு இருக்கறது?’ என்று எதிர்க்கட்சி.

நான் பி.காம். பி.காம். படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் வரவு, அந்தப் பக்கம் செலவு என்று எழுத ஆரம்பித்துவிடுவான். எழுதிப் பார்ப்போமா?

போனவருக்கு வயது 36. வந்தவருக்கு 31. போனவர் சென்னையில் வாங்கியது 18 கோடி. ராஜஸ்தானுக்கு 14 கோடிக்குப் போனார். வந்தவரின் விலையும் 18 கோடி. விக்கெட் கீப்பிங் செய்துகொண்டிருந்த தோனிக்கு அப்போது 44 வயது. கண்ணாடி போட்ட எந்த ஆடிட்டரும் தேய்மானம் கழித்துப் பார்த்து, ‘கையெழுத்துப் போடுங்க சார்’ என்றுதான் சொல்லுவார். 27 வயது சாம் கரனையும் சேர்த்துக் கொடுத்ததுதான் கொஞ்சம் உறுத்துகிறது. அவருடைய சம்பளம் 2.40 கோடி. தங்கம் வாங்கப் போய், வெள்ளிக் கொலுசைக் கல்லாவில் வைத்துவிட்டு வந்த மாதிரி.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2025 ஐ.பி.எல்.லில் கடைசி இடம் சென்னைக்கு, அதற்கு முந்தின இடம் ராஜஸ்தானுக்கு. இரண்டு பேரும் வாங்கியது எட்டே பாயின்ட். ஃபெயிலான இரண்டு மாணவர்கள் ஒருவர் நோட்டை ஒருவர் மாற்றிக்கொண்ட கதை!

போகட்டும். ஜடேஜா - சாம்சன் கணக்கில் எனக்குப் பெரிய புகார் இல்லை. என் புகார் அதற்கு ஒரு மாதம் கழித்து நடந்த ஏலத்தைப் பற்றியது.

*

2025 டிசம்பர் 16-ல் அபுதாபி. சென்னையின் பையில் இருந்தது 43.40 கோடி. அதில் 28.40 கோடியை இரண்டே பையன்கள் மேல் கொட்டினார்கள். உத்தரப்பிரதேசத்தின் பிரஷாந்த் வீர், வயது 20. ராஜஸ்தானின் கார்த்திக் சர்மா, வயது 19. ஆளுக்கு 14.20 கோடி. இருவரும் அதுவரை ஒரு ஐ.பி.எல். மேட்ச்கூட ஆடாதவர்கள். அடிப்படை விலை 30 லட்சம். ஏறத்தாழ 47 மடங்கு!

‘ஆஹா, சென்னை இளைஞர்களை நம்ப ஆரம்பித்துவிட்டது’ என்று பலரும் கைதட்டினார்கள். கொஞ்சம் பொறுங்கள். பணம் கொடுப்பது வேறு, நம்புவது வேறு. ஒரு பையனை நம்புகிறோமா என்பது ஏலத்தன்று தெரியாது. அவன் சொதப்பும் மூன்றாவது மேட்சில்தான் தெரியும்.

பிற்பாடு யார் எவ்வளவு அடித்தார்கள் என்பதை வைத்து இந்த முடிவை நான் எடை போடவில்லை. அப்படிப் பார்த்தால் லாட்டரி அடித்தவனெல்லாம் பொருளாதார மேதை. கையெழுத்துப் போட்ட அன்று மேஜை மேல் என்ன தகவல் இருந்தது? விமர்சனத்துக்கு அதுதான் நியாயமான இடம்.

*

இந்தக் கொடுக்கல் வாங்கலை ஒரு சாஸ்திரமாகவே செய்கிறவர்கள் அமெரிக்க பேஸ்பால்காரர்கள். ஒவ்வொரு பெரிய அணிக்கும் கீழே படிப்படியாகக் குட்டி அணிகள் உண்டு. ‘ஃபார்ம்’ என்றே அதற்குப் பெயர். நாற்றங்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பையன்களை வளர்ப்பார்கள். கோப்பை நெருங்கும் வருஷத்தில், வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு நாற்றை இன்னொரு அணிக்குக் கொடுத்துவிட்டு, விளைந்த ஆளை வாங்குவார்கள்.

இரண்டு கதை சொல்கிறேன். 1987-ல் டெட்ராய்ட் டைகர்ஸ் அணி 36 வயது டாயில் அலெக்ஸாண்டரை வாங்கியது. மனுஷன் அந்த சீஸனின் மிச்ச நாட்களில் ஒன்பது வெற்றி, பூஜ்யம் தோல்வி. அணி தன் பிரிவில் முதலிடம். ஆனால் அடுத்த கட்டத்திலேயே தோற்றது. இரண்டு வருஷத்தில் அலெக்ஸாண்டர் ரிட்டயர்டு. அவருக்கு விலையாக அட்லாண்டாவுக்குக் கொடுத்த 20 வயதுப் பையனின் பெயர் ஜான் ஸ்மோல்ட்ஸ். அவர் 1995-ல் அட்லாண்டாவோடு உலகத் தொடர் ஜெயித்து, 2015-ல் பேஸ்பாலின் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ வரை போனார்.

உடனே ‘அதான் பெரிசுகளை வாங்கக் கூடாது’ என்று எழுந்துவிடாதீர்கள். 2016-ல் சிகாகோ கப்ஸ் 19 வயது கிளேபர் டோரஸ் உள்ளிட்ட பையன்களை நியூயார்க் யாங்கீஸுக்குக் கொடுத்து, அரோல்டிஸ் சாப்மனை வாங்கியது. அந்த வருஷமே உலகத் தொடர் கோப்பை. அதற்கு முன் அவர்கள் ஜெயித்தது 1908-ல்! சீஸன் முடிந்ததும் சாப்மன் யாங்கீஸுக்கே திரும்பிப் போனார். டோரஸ் அங்கே நட்சத்திரமானார். சிகாகோவில் ஒருத்தராவது அழுதிருப்பார் என்று நினைக்கிறீர்களா? 108 வருஷப் பசி சார்!

ஆக, விற்பதும் சரியாகலாம், வைத்துக்கொள்வதும் சரியாகலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பேஸ்பாலில் ஒரு பையனை ‘வைத்துக்கொள்வது’ என்றால், குட்டி அணியில் வருஷத்துக்கு நூறு மேட்சுக்கு மேல் ஆட வைப்பது. நம் ஐ.பி.எல்.லில்? மஞ்சள் டி-ஷர்ட் மாட்டி, இடைவேளையில் தண்ணீர் பாட்டில் தூக்க வைப்பது. இந்திய ஆட்டக்காரர்கள் வெளிநாட்டு லீக்குகளில் ஆட கிரிக்கெட் வாரியம் விடுவதில்லை. அதனால் சென்னை முதலாளிகளுக்கு அமெரிக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும் அணி இருந்தும் நம் பையன்களுக்கு அது நாற்றங்கால் ஆகவில்லை.

*

சென்னைக்கு வளர்க்கத் தெரியாது என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2011 இறுதிப் போட்டி. எதிரே கிறிஸ் கெயில். புதுப் பந்தை 24 வயது அஸ்வின் கையில் கொடுத்தார்கள். முதல் ஓவரிலேயே கெயில் டக் அவுட். கோப்பை நமக்கு. ஜடேஜாவே 2012-ல் வந்தபோது 23 வயதுப் பையன்தான். அந்தப் பையன்தான் 2023 இறுதிப் போட்டியின் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸரும் ஃபோரும் அடித்து ஐந்தாவது கோப்பையைக் கொண்டுவந்தது.

பிறகு என்ன ஆயிற்று? 2018-ல் ‘அப்பாக்கள் படை’ என்று கேலி செய்யப்பட்ட அணி கோப்பையை ஜெயித்துவிட்டது. ஜெயித்த ஃபார்முலாவை யார் மாற்றுவார்கள்? அனுபவம் ஆடியது, இளமை உட்கார்ந்தது.

இடதுகை சுழற்பந்து வீச்சாளர் சாய் கிஷோர். நம்ம சென்னைப் பையன். 2020, 2021 இரண்டு சீஸன் சென்னை அணியில் இருந்தார். ஆடிய மேட்ச் பூஜ்யம். 2022-ல் குஜராத் 3 கோடிக்கு வாங்கி, இறுதிப் போட்டியிலேயே பந்தைக் கொடுத்தது. இரண்டு விக்கெட், கோப்பை. 2025-ல் 19 விக்கெட்.

கோயம்புத்தூர்ப் பையன் ஜெகதீசன். 2018-லிருந்து அணியில் இருந்தும் ஆடியது ஏழே மேட்ச். 2022 நவம்பரில் விடுவித்தார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, விஜய் ஹசாரே போட்டியில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 277 ரன். தொடர்ந்து ஐந்தாவது சதம்! (90 லட்சத்துக்கு வாங்கிய கொல்கத்தாவிலும் அவர் பெரிதாகச் சோபிக்கவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன்.)

சாய் சுதர்சன் கதை இன்னும் வலிக்கும். சென்னைப் பையன். 2022 ஏலத்தில் குஜராத் கொடுத்தது வெறும் 20 லட்சம். அந்த ஏல அறையில் நம்ம ஆட்களும்தான் உட்கார்ந்திருந்தார்கள். 2023 இறுதிப் போட்டியில் நமக்கு எதிராகவே 47 பந்தில் 96 அடித்தார். 2025-ல் 759 ரன்னோடு ஆரஞ்சு தொப்பி.

நல்ல பையன்கள் கண்ணில் படாமலே போனார்கள் என்றும் சொல்ல முடியாது. 2020-ஐ நினைத்துப் பாருங்கள். இளைஞர்களிடம் எதிர்பார்த்த ‘ஸ்பார்க்’ தெரியவில்லை என்கிற பொருளில் தோனி பேசினார். கொரோனாவிலிருந்து மீண்டு வந்த ருதுராஜ் கெய்க்வாட்டின் முதல் மூன்று ஸ்கோர் 0, 5, 0. அதற்குள் அணி மூழ்கிவிட்டது. இனி இழக்க ஒன்றுமில்லை என்ற நிலையில் பையனை ஆட விட்டார்கள். தொடர்ந்து மூன்று அரை சதம். அடுத்த வருஷம் 635 ரன், ஆரஞ்சு தொப்பி, கோப்பை!

பாடம் கற்றிருக்க வேண்டாமா? 2025-ல் அதே படம் மறு ரிலீஸ். 17 வயது ஆயுஷ் மாத்ரே களமிறங்கியது ஏப்ரல் 20-ல். அதுவும் ருதுராஜ் காயம்பட்ட பிறகு, அவருக்கு மாற்றாக. அதற்கு முன் ஏழு மேட்சில் இரண்டே வெற்றி. பையன் வந்து 15 பந்தில் 32. மே மாதம் பெங்களூருக்கு எதிராக 48 பந்தில் 94. கப்பல் தரை தட்டிய பிறகுதான் நம்ம கேப்டன்களுக்குச் சின்னப் பையன்கள் ஞாபகம் வருகிறது.

*

சென்னை நிர்வாகத்துக்காக நானே வாதாடுகிறேன். மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை பெரிய ஏலம் வருகிறது. சில பேரைத்தான் தக்கவைக்க முடியும். மற்றவர்கள் சந்தைக்கு. நான் உரம் போட்டு வளர்க்க, கனியை அடுத்த வீட்டுக்காரன் பறிப்பானா?

நியாயமான கேள்வி. எங்கள் ஊருக்கு இது புரியும். ஜவ்வாது மலைச் சந்தனம் வந்து சேரும் அரசுக் கிடங்கு திருப்பத்தூரில்தான் இருக்கிறது. ஏலம் என்றால் எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான். முன்பெல்லாம் உங்கள் பட்டா நிலத்தில் சந்தனம் தானாக முளைத்தாலும் மரம் அரசாங்கத்துடையது. வளர்த்தால் வரவு இல்லை, திருடு போனால் வம்பு. யார் நடுவார்கள்? 2002-ல்தான் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தி, மரத்தை நிலத்துக்காரருக்கே சொந்தமாக்கியது. தனக்குச் சொந்தமில்லாததை மனுஷன் வளர்க்க மாட்டான். ஐ.பி.எல். விதியை வகுக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய பாடம் இது.

ஆனால் அதே விதியின் கீழ்தானே குஜராத்தும் ஆடியது? 20 லட்சத்துக்கு வாங்கிய சாய் சுதர்சனை வளர்த்து, பெரிய ஏலம் வந்தபோது 8.50 கோடி கொடுத்துத் தக்கவைத்துக்கொண்டது. அப்போது விதையாகக் கிடைத்ததை விட்டுவிட்டு, 2025-ல் 14.20 கோடி கொடுத்துக் கன்று வாங்கினோமே, இடையில் இருப்பது நம்ம தாமதத்துக்குக் கட்டிய வட்டி.

சந்தனத்தைப் பற்றி இன்னொரு விஷயம். அது தனியாக வளராது. பக்கத்து மரத்தின் வேரில் தன் வேரைக் கோத்து உறிஞ்சித்தான் பிழைக்கும். நாற்றுப் பைக்குள்ளேயே துணைக்கு ஒரு துவரைச் செடி வைப்பார்கள். நிழலும் கொஞ்சம்தான் இருக்க வேண்டும். முழுக்க மூடிக்கொண்டால் கன்று சவலை. சாய் கிஷோருக்கு நடந்தது இரண்டாவது கதை. ஜடேஜா என்ற ஆலமரத்தடியில் இன்னொரு இடதுகை சுழலுக்கு இடமே இல்லை.

இப்போது பிரஷாந்த் வீரைப் பாருங்கள். இடதுகை சுழல் போடும் ஆல்ரவுண்டர், அச்சு அசல் ஜடேஜா வார்ப்பு. அவன் வேர் கோத்துக்கொள்ள உலகத்திலேயே சிறந்த மரம் எது? அதைத்தான் ஒரு மாதம் முன்பு பிடுங்கி ஜெய்ப்பூருக்கு அனுப்பிவிட்டோம்! ஜடேஜாவை விற்றது தனியாகப் பார்த்தால் சரி. பையனை வாங்கியதும் தனியாகப் பார்த்தால் சரியாக இருக்கலாம். இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதிப் பார்த்தவர் யாராவது அந்த அறையில் இருந்தாரா என்பதுதான் என் கேள்வி.

*

‘கோடீஸ்வரர்கள் விளையாட்டு, நமக்கென்ன?’ என்று நீங்கள் கேட்கலாம். 14 கோடி வாங்கியவனுக்காக நான் கவலைப்படவில்லை. புதூர்நாட்டிலோ ஆம்பூரிலோ டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுக்கொண்டிருக்கும் பையனை நினைத்துப் பாருங்கள். சேலம் பக்கத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து கிளம்பிய நடராஜன் பஞ்சாபுக்கும் ஹைதராபாத்துக்கும் ஆடித்தான் இந்திய அணிக்குப் போனார். திறமைக்கு 19-லிருந்து 24 வரைதான் பருவம். அந்த ஐந்து வருஷத்தில் இரண்டைப் பெஞ்சில் உட்கார்த்தி வைப்பவர்கள், அவனுக்குச் சம்பளம் கொடுத்தோம் என்று தப்பித்துக்கொள்ள முடியாது. ‘வேண்டாம், வேறு இடம் பார்த்துக்கொள்’ என்று அனுப்பிவிடுவது அதைவிடப் புண்ணியம். உங்கள் ஆபீஸிலும் இப்படி ஒரு பையன் ஓரமாக உட்கார்ந்திருப்பான்.

அடுத்த முறை டி.வி.யில் ஏலம் பார்க்கும்போது கோடிகளை எண்ணாதீர்கள். சீஸன் ஆரம்பித்ததும் ஒரு பேப்பரில் 0, 5, 0 என்று எழுதி டி.வி. பக்கத்தில் ஒட்டிவையுங்கள். புதுப் பையன் யாராவது இந்த மூன்று ஸ்கோரை எடுத்த பிறகு, நாலாவது மேட்சிலும் அவன் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த அணி வளர்க்கிறது. இல்லாவிட்டால், வெறுமனே வாங்குகிறது.