காணி விளம்பரமும் சொல்லின் பொறுப்பும்

காணி உறுதியின் மொழி வரட்சியானது, எனினும் சரிபார்க்கத்தக்கது. நாற்றிசை எல்லை, பரப்பு, குழி, உரித்து வந்த வழி என்பவற்றை அது நிரல்படக் கூறும். பத்திரிகைக் காணி விளம்பரமோ, ‘நகரிலிருந்து 5 நிமிடம்’ என்கிறது. தூரத்தை அளக்கலாம், நிமிடம் நடப்பவனுக்கும் காரிற் செல்பவனுக்கும் வேறானது. ‘அமைதியான சூழல்’ பேருந்து செல்லாத இடமாகவும் இருக்கலாம். ‘சில துண்டுகளே எஞ்சியுள்ளன’ என்பது விவரணமன்று, அவசரப்படுத்தலே. இத்தொடர்களைப் பொய்யென நிறுவுதல் அரிது; அதுவே அவற்றின் வலிமை. 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை, காணி விற்பவர் உரித்தாளர்க்கும் அயலவர்க்கும் முன்னறிவித்தல் வேண்டுமென்றது. அன்று அறிவித்தல் பிறர் உரிமையைக் காத்தது. இன்றோ அறிவித்தலிடமிருந்தே வாங்குவோர் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டியுள்ளது.